வலைக்குள் இடது மூலை

ஹோண்டுராஸ் லீக்கின் கடைசி ஆட்டம் அது. தோற்றால் ஃபாஸ்டோவின் அணி இரண்டாம் பிரிவுக்கு இறங்கிவிடும். கோல்கீப்பரான அவனுக்கோ வேறு கவலை. வலைக்குள் இடது மூலையில் ஓர் ஆள்காட்டிக் குருவி அடைகாத்துக்கொண்டிருந்தது. முட்டையிட்டதிலிருந்து அந்த மூலைக்கு அவன் ஒரு பந்தைக்கூட விட்டதில்லை.

ஆட்டம் சமநிலையில் முடியப்போகிற நேரத்தில் எதிரணிக்குப் பெனால்டி கிடைத்தது. உதைக்க வந்த வில்மர் வலையையே உற்றுப் பார்த்தான். விசில் ஊதியது. வில்மர் உதைத்த அதே கணத்தில் ஃபாஸ்டோ கண்ணை மூடிக்கொண்டு இடதுபக்கம் பாய்ந்தான். பந்து வலதுபக்கம் புகுந்தது.

கேலரி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டது. வில்மர் குதிக்கவில்லை, வந்து அவனைக் கைகொடுத்துத் தூக்கினான்.

"இந்தப் பக்கம் ஏன்யா பாஞ்ச?"

"நீ ஏன்யா அந்தப் பக்கம் அடிச்ச?"

இருவரும் மூலையை எட்டிப் பார்த்தார்கள். குருவி இருவரையும் கன்னாபின்னாவென்று ஏசத் தொடங்கியது.