சனாவுல்லா பாயின் சைக்கிள் மணி

"இந்த ஆளுக்கு நெஞ்சுல ஈரமே கிடையாதா?" என்று வேனுக்குள்ளிருந்து கத்தினார் சடையாண்டி.

கிணிங்! கிணிங்! பதிலுக்கு மணிச் சத்தம்தான் வந்தது.

திண்டுக்கல்லை விட்டுக் கிளம்பியதிலிருந்து இதே கூத்து. முன்னால் போகிறவன் ஒச்சப்பன். சைக்கிளின் ஹேண்டில்பார் மேல் ஏறி உட்கார்ந்து, முகத்தைப் பின்பக்கம் வைத்துக்கொண்டு பெடலை மிதிக்கிறான். சைக்கிள் மதுரையைப் பார்த்துப் போகிறது, ஒச்சப்பன் திண்டுக்கல்லைப் பார்த்துக்கொண்டு போகிறான். மொத்தம் நாற்பது மைல்.

எல்லாம் குஜிலியம்பாறைப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்துக்காக. சூறைக்காற்று அதன் கூரையைப் பிய்த்துக்கொண்டு போய்விட்டது. ஐப்பசி மழைக்கு இன்னும் இருபது நாள்தான். வழியெல்லாம் துண்டேந்தி வசூல் செய்கிறார்கள். அது சுவருக்கு. கூரைக்குத் தோல் மண்டி ஜமால் முகமது வாக்குக் கொடுத்திருந்தார்.

"ஒச்சப்பன் இப்படித் திரும்பி உக்காந்தே ஓட்டி, கால் தரையில படாம மதுரை போய்ச் சேரட்டும், தகரம் முழுக்க என் பொறுப்பு. பட்டுச்சுன்னா ஒரு தகரம் கிடையாது. சாட்சிக்கு அவனுக்கு ஆகாத ஆளை அனுப்புங்க. வேண்டிய ஆளுன்னா பொய் சொல்லிருவான்."

ஆகாத ஆளைத் தேடி அலையவே வேண்டியிருக்கவில்லை. ஒச்சப்பனின் வாடகை சைக்கிள் கடைக்கு நேர் எதிரே சனாவுல்லா பாயின் வாடகை சைக்கிள் கடை. வாடகையில் காலணாவை முதலில் குறைத்தது யார் என்ற சண்டையில் இருவருக்கும் ஆறு வருஷமாகப் பேச்சு கிடையாது.

அந்த பாய்தான் இப்போது பத்தடி பின்னால் இன்னொரு சைக்கிளில் வருகிறார். வாயைத் திறந்து ஒரு வார்த்தை இல்லை. ஆனால் மணியை மட்டும் விடுவதாயில்லை. கிணிங் என்று அடிப்பார், சைக்கிளைச் சடாரென்று ஒரு பக்கம் ஒடிப்பார். செத்த நேரம் சும்மா வருவார். மறுபடி கிணிங்.

"அவனுக்குத் தலை சுத்தட்டும்னு பண்றாரு. விழுந்தா எதிர்க்கடைக்குக் கொண்டாட்டந்தானே" என்று டிரைவரிடம் புலம்பினார் சடையாண்டி. பள்ளிக்கூடக் கமிட்டிச் செயலாளர் அவர். மைக் அவர் கையில் இருந்தது.

சின்னாளபட்டியில் அந்த மைக்கைப் பிடித்து முழங்கினார்: "பெரியோர்களே! தாய்மார்களே! ரோட்டைப் பாக்காமலே ஓட்டிட்டு வாரான் பாருங்க! ஒச்சப்பனுக்குப் பிடரியிலயும் ரெண்டு கண்ணு!"

சனம் வாயைப் பிளந்து கை தட்டியது. மைக்கில் சொன்னால் நம்பாதவர் யார்?

கொடைரோட்டில் பூ விற்கிற வியாகுலம்மாள் காலையிலிருந்து விற்ற காசையெல்லாம் துண்டில் போட்டாள். போட்டுவிட்டு, "அந்த மணியை ஒருத்தரும் பிடுங்கிப் போட மாட்டீகளா?" என்று கேட்டாள்.

சடையாண்டிக்குச் சுருக்கென்றது. வாடிப்பட்டி வந்ததும் வேனிலிருந்து குதித்தார். பாயின் சைக்கிளோடு கூடவே ஓடி, மணியின் மூடியைத் திருகிக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"யோவ், காரியத்தைக் கெடுத்துறாதீரும்!" என்று பதறினார் பாய்.

"உம்ம காரியத்தைத்தானே? நல்லாக் கெடட்டும்!"

மணி ஓய்ந்தது. ஊரே கை தட்டியது.

அடுத்த பர்லாங்கில் ஒச்சப்பனின் சைக்கிள் ரோட்டோர ஜல்லிக் குவியலில் ஏறிக் குலுங்கியது. பெடலை விட்டு நழுவிய கால் தரைக்கு ஒரு சாண் மேலே தொங்கியது. பள்ளிக்கூடக் கூரையும் அந்தக் காலோடு சேர்ந்து தொங்கியது என்றே சொல்ல வேண்டும். சடையாண்டி கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

டங்! டங்!

கண்ணைத் திறந்தால், பாய் இடுப்பிலிருந்த ஸ்பேனரை உருவி ஹேண்டில்பாரில் தட்டிக்கொண்டிருக்கிறார். ஒச்சப்பன் எப்படியோ சமாளித்து நேராகிவிட்டான்.

"அடங்குறாரா பாரு!" என்று பல்லைக் கடித்தார் சடையாண்டி. ஸ்பேனரையும் பிடுங்கியிருப்பார். இனி ஓட அவருக்கு மூச்சு இல்லை.

பொழுது சாயும் நேரம் மதுரை வந்தது. காரில் முன்னாலேயே வந்து காத்திருந்தார் ஜமால் முகமது.

"சொல்லுங்க பாய். கால் பட்டுச்சா?"

கூட்டம் பாயைச் சுற்றி நெருக்கியது. ஆறு வருஷப் பகையைத் தீர்த்துக்கொள்ள ஒரே ஒரு வார்த்தை போதும்.

"படலை" என்றார் பாய். அவ்வளவுதான். ஓரமாய்ப் போய் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

மாலையும் கையுமாக ஓடினார் சடையாண்டி. "எப்பிடித்தான் அந்தச் சனியன் பிடிச்ச சத்தத்தைத் தாங்குனியோ அப்பு! பிடரியில கண்ணு இருக்கப் போய்த் தப்பிச்ச!"

ஒச்சப்பன் சிரித்தான். "பிடரியில ஏதுண்ணே கண்ணு? மதுரைப் பக்கம் குழி இருக்கா, வண்டி வருதான்னு எனக்கு என்ன தெரியும்? மணி கேட்டா முன்னாடி ஏதோ இருக்குன்னு அர்த்தம். உடனே பாயைப் பாப்பேன். அவரு எந்தப் பக்கம் ஒடிக்கிறாரோ, அந்தப் பக்கமே நானும் ஒடிச்சேன். வாடிப்பட்டியில அவரு மணி நின்னுச்சு பாருங்க, அப்பத்தான் எனக்குக் கண்ணு போச்சு."

சடையாண்டிக்கு முகம் செத்துவிட்டது. நேரே பாயிடம் போய் மூடியை நீட்டினார்.

"தப்பா நினைச்சுட்டேன் பாய். ஆனா ஒண்ணு. 'குழி இருக்கு'ன்னு வாயைத் திறந்து சொல்லியிருந்தா இம்புட்டு வம்பு வந்திருக்காதுல்ல?"

பாய் மூடியைத் திருகிப் பொருத்தினார். சரியாக இருக்கிறதா என்று ஒருமுறை அடித்துப் பார்த்தார்.

"அவன்கூட யாருய்யா பேசுவா?" என்றார்.