இரண்டாவது ஊசி

"மறுபடியும் குத்தணுமா? எதுக்கு?"

லேப் பெண் நிமிர்ந்து பார்க்கவில்லை. "முதல்ல எடுத்த ரத்தம் கை தவறிக் கொட்டிப்போச்சுக்கா. மன்னிச்சுக்கோங்க."

அம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மூன்று வயதுக் குழந்தை. நாலு நாளாகக் காய்ச்சல், காலையிலிருந்து முதுகெல்லாம் சிவப்புத் தடிப்பு. பிளேட்லெட் குறைந்திருந்தால் உடனே பெரிய ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்த ஒரு எண்ணுக்காக ஒரு மணி நேரமாக வராந்தாவில் குட்டி போட்ட பூனையாய் நடந்துகொண்டிருக்கிறாள். இவளானால் காபியைக் கொட்டிய மாதிரி சர்வசாதாரணமாகச் சொல்கிறாள்!

இரண்டாவது ஊசிக்குக் குழந்தை வீறிட்டது. அம்மா நேரே டாக்டர் அறைக்குள் நுழைந்து, பொறுப்பில்லாதவர்களை எல்லாம் வேலைக்கு வைத்திருக்கிறீர்களே என்று பொரிந்து தள்ளினாள். வெளியே வந்து, காத்திருந்த மற்ற அம்மாக்களிடமும் ஒரு பாட்டம் சொன்னாள். எல்லோரும் லேப் ஜன்னலை முறைத்தார்கள்.

அரை மணியில் ரிசல்ட் வந்துவிட்டது. பிளேட்லெட் ஒரு லட்சத்து எண்பதாயிரம். சாதாரண வைரஸ் காய்ச்சல்தான், தடிப்பு தானாக மறையும், நிறையத் தண்ணீர் கொடுங்கள் என்றார் டாக்டர். அம்மாவுக்கு அப்போதுதான் உயிர் வந்தது. லேப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் கிளம்பினாள்.

டாக்டர் லேபுக்கு வந்தார். "பதினஞ்சு வருஷமா ஒரு சொட்டு சிந்தினதில்ல நீங்க. இன்னிக்கு என்ன ஆச்சு?"

அவள் மேஜை இழுப்பறையிலிருந்து முதல் ரிப்போர்ட்டை எடுத்து நீட்டினாள். பிளேட்லெட் பதினெட்டாயிரம்.

டாக்டருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"குத்தின இடத்துல ரத்தம் உடனே நின்னுபோச்சு, நம்பர் மட்டும் இவ்வளவு கம்மியா இருக்கேன்னு மைக்ராஸ்கோப்ல பார்த்தேன் டாக்டர். பிளேட்லெட் எல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக் கிடந்தது. ஒட்டிக்கிட்டா மெஷினுக்கு எண்ணத் தெரியாது. ரத்தம் உறையாம இருக்கக் குழாய்ல போடுற மருந்தே சில பேருக்கு இப்படி ஒட்ட வெச்சிடும். அதான் வேற மருந்து போட்ட குழாய்ல மறுபடி எடுத்தேன்."

"அதை அந்தம்மாகிட்டயே சொல்லியிருக்கலாமே. எதுக்கு இவ்வளவு திட்டு வாங்கினீங்க?"

"பதினெட்டாயிரம்னு காதுல விழுந்துட்டா, மெஷின் தப்புன்னு சொன்னாலும் மனசு கேட்காது டாக்டர். அந்த அரை மணி நேரமும் செத்துப் பிழைச்சிருப்பாங்க" என்றபடி அடுத்த குழாயை எடுத்துப் பெயர் ஒட்டினாள். "என்னைத் திட்டிட்டு இருந்ததுல பயப்பட நேரமில்லாம போச்சு, பாருங்க."