சாமியார் படம் போட்ட தபால் தலை

“சாமியார் படம் போட்டதுதான் வேணுமா பெரியவரே? பூப்படம் போட்டதும் இருக்கு.”

“அவருதாம்ப்பா வேணும்” என்றார் எட்வர்ட்.

போடி தபால் நிலையத்தில் நல்ல கூட்டம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த எழுத்தர் தலை நிமிராமலே தபால் தலையைக் கிழித்துக் கொடுத்தார். மலைத் தோட்டத்துப் பிள்ளைகளைச் சாதி பார்க்காமல் ஒரே பெஞ்சில் உட்காரவைத்த பாதிரியாரின் படம். அவருக்குத் தபால் தலை வந்ததற்காகப் போன ஞாயிறு கோயிலில் நன்றிப் பூசை நடந்தது. ஏலக்காய்க் கடை எட்வர்டைத்தான் முதல் மெழுகுவர்த்தி ஏற்றச் சொன்னார்கள்.

“எல்லாரும் சமம்னு சொன்னவராமே இவரு. கோயிலுக்குள்ள மட்டுமா, வீட்டுக்குள்ளயுமா?” என்றார் எழுத்தர்.

எட்வர்டுக்குச் சுருக்கென்றது.

“எம் மக ஷாரோன் வேத்துச் சாதியில கட்டிக்கிட்டா. ஏழு வருசமா வாசப்படி ஏறவிடல. சித்திரையில செத்தும் போயிட்டா. அடக்கத்துக்குக்கூட நான் போகலப்பா.”

“அப்பு, லெட்டர் போட வந்தீகளா, கதை சொல்ல வந்தீகளா? மலைக்குப் போற ஜீப்பு கெளம்பிரும், வெரசா ஆகட்டும்!” பின்னால் நின்ற காளீஸ்வரி அதட்டினாள்.

“கொஞ்சம் இரும்மா.” எழுத்தர் இப்போதுதான் தலை நிமிர்ந்தார். “இப்ப யாருக்கு லெட்டரு?”

“மருமகனுக்கு. பேத்தி முகத்தை நான் பாத்ததே இல்ல. தூரத்துல நின்னு ஒரு தடவ பாத்துக்கிறேன்னு எழுதியிருக்கேன்.”

“நேர்ல கேக்கலாமே.”

“நேர்ல நின்னாலும் கேக்க வாய் வரமாட்டேங்குது.”

“அவரு முடியாதுன்னுட்டா?”

“நான் செஞ்சதுக்கு வேற என்ன சொல்லுவாரு?”

எழுத்தர் பசை டப்பாவை எட்வர்ட் பக்கமாக நகர்த்திவைத்தார். எட்வர்ட் தபால் தலையை ஒட்டி, விரலால் மெல்ல அழுத்தினார்.

“வெளிய பொட்டியில போட்டுட்டுப் போங்க. அடுத்து யாரு?”

எட்வர்ட் நகரவில்லை. உறையைக் கண்ணாடி இடுக்கு வழியே உள்ளே தள்ளினார். கோணல் மாணலான எழுத்தில் முகவரி இருந்தது: ‘சின்ராசு, தபால் எழுத்தர், போடிநாயக்கனூர்.’

“படிச்சுட்டுக் கிழிச்சுப் போட்டாலும் சரி, மாப்ளே” என்றார்.