பின்பக்கம் காலி

கடகடவென்று இரைந்து, பூர்ணிமாவின் ராஜினாமா கடிதத்தைத் துப்பியது பிரிண்டர். அவளும் சக டிசைனர் வெற்றிவேலும் இன்றைக்கே வேலையை விட்டுவிட்டு, மூலக்குளத்தில் சொந்தமாக ஸ்டூடியோ தொடங்குவதாக ஏற்பாடு.

மேனேஜர் அல்போன்ஸ் கடிதத்தை வாங்கினார். "இதைக்கூட ஒரு பக்கம் அடிச்ச பேப்பர்லதான் எடுப்பியாம்மா?"

"ஆபீஸுக்கே நான் போட்ட ரூல் சார். நாலு மரமாவது பிழைக்கட்டும்."

சிரித்தபடி தாளைத் திருப்பியவர், அதை அவளிடமே நீட்டினார். பின்பக்கத்தில் இன்னொரு கடிதம்; கீழே வெற்றிவேலின் பெயர். 'பூர்ணிமா விலகப்போகிறார். அவருடைய சீஃப் டிசைனர் பதவியை எனக்குத் தர வேண்டுகிறேன்.'

அவள் அதை இரண்டு முறை படித்தாள்.

"வெற்றி சும்மா அடிச்சுப் பாத்திருப்பாரு சார்."

"கையெழுத்துப் போட்ட காப்பி வெள்ளிக்கிழமையே என் கைக்கு வந்துடுச்சும்மா."