ஊற்றியது நான்தான்

"எழுது. 'அளவுக்கு மேல் ஊற்றியது நான்தான்.' ஊத்தியது இல்ல, ஊற்றியது. வல்லின ற போடு."

தேவா அடித்துத் திருத்தினான். விரலில் இருந்த ஆயில் கறுப்பு, காகிதத்தில் வட்டம் வட்டமாக ஊறியது. எதிரே நின்று சொல்லிக்கொண்டிருந்த நரசிம்மன், செத்த எலியைக் கண்டதுபோல் முகத்தைக் கோணி, கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

திருக்கழுக்குன்றம் நுகர்வோர் விழிப்புணர்வுப் பேரவையின் நிறுவனர், தலைவர், செயலாளர் மூவருமே நரசிம்மன்தான். உறுப்பினர்களை யாரும் பார்த்ததில்லை. சாம்பாரில் ஈ மிதந்ததென்று நோட்டீஸ் அடித்து, பஸ் ஸ்டாண்ட் ஓட்டல் ஒன்றை மூட வைத்தவர். அந்தச் சம்பவத்தில் உயிர் பிழைத்தது ஈ மட்டும்தான் என்று ஊரில் பேச்சு.

பழைய ஸ்கூட்டரைத் தள்ளிவிட்டு அவர் வாங்கிய புது ஃபோர் ஸ்ட்ரோக் பைக், இன்று காலை சங்கு தீர்த்தக் குளத்தருகே திணறி நின்றுவிட்டது. சைலன்சரில் கொசு மருந்து அடித்தாற்போல் வெள்ளைப் புகை. ஏர் ஃபில்டர் வழியாகப் பீறிட்ட ஆயில், அவருடைய வெள்ளை பேன்ட்டை முழங்கால் வரை நனைத்திருந்தது. பதினோரு மணிக்குச் செங்கல்பட்டில் அவருக்குப் பாராட்டு விழா வேறு.

மூன்று வாரத்துக்கு முன் அந்த வண்டிக்கு ஆயில் மாற்றியவன் தேவா. அதனால் மெக்கானிக் கொட்டகை வாசலில் இப்போது பஞ்சாயத்து.

தேவா அடி நட்டைக் கழற்றி, எல்லார் எதிரிலும் ஆயிலை வடித்து அளந்திருந்தான். லிட்டர் பாட்டில் ஒன்று நிரம்பி, அடுத்ததில் முக்கால் ஏறியது. தொள்ளாயிரம் மில்லி போக வேண்டிய வயிற்றில் ஒண்ணே முக்கால் லிட்டர்! தீய்ந்த வாடை குமட்டியது. பக்கத்து டீக்கடை கேசவன் வடைத் தட்டைச் சாக்கு போட்டு மூடினான்.

"என் இன்ஜின் என்ன, உங்க வீட்டு அண்டாவா?"

"நான் தொள்ளாயிரம்தான் சார் ஊத்துனேன். பாட்டில்ல மீந்ததக்கூட உங்க கைல குட்த்தேனே."

"அன்னிக்கு ஆடிக் கிருத்திகை. திருப்போரூர் போற வண்டியெல்லாம் உன் வாசல்லதான் நின்னுச்சு. வேற எவன் பாட்டிலையோ எடுத்து எனக்கு ரெண்டாவது தடவை ஊத்தலைன்னு உன்னால சத்தியம் பண்ண முடியுமா?"

தேவா யோசித்துப் பார்த்தான். அன்று சோறு தின்னக்கூட நேரமில்லை. ஊத்தியிருப்பேனோ? தன் கையைத் தானே பார்த்தான். அது யாருடைய கையோ போல அசிங்கமாகத் தெரிந்தது.

"எனக்குக் கோபமே இல்ல, அருவருப்புதான்," என்றார் நரசிம்மன். "இருபத்திரண்டு வருஷம் ஸ்கூட்டர் ஓட்டினவன் நான். ஒரு தடவைகூட ஆயில் இல்லாம பெட்ரோல் போட்டதில்ல. இன்னிக்குக் காலையில பெட்ரோல் பங்க்ல மீட்டர் சைபருக்கு வராமலே போட ஆரம்பிச்சான். விட்டேனா? அரை மணி நேரம் க்யூவையே நிறுத்திட்டேன்!"

அந்த க்யூவில் நின்றவர் ஒருவர் கூட்டத்தில் இருந்தார். தரையைப் பார்த்துக் காறித் துப்பினார்.

"இதுல கையெழுத்து போட்டா இன்னா சார் பண்ணுவீங்க?"

"ஆயிரம் நோட்டீஸ் அடிச்சு, கல்பாக்கம் பஸ்ஸுலேர்ந்து மலைக்கோயில் படி வரைக்கும் கொடுப்பேன்."

"ஒம்போது வருசமா இந்தக் கொட்டாயிலதான் சார் பொழச்சிகினு கீறேன். கடைய மூட்டினு போவ வேண்டியதுதான்."

"மூடு. மத்த வண்டியாவது பிழைக்கட்டும்."

"போட்றாத அண்ணாத்த," என்றான் கேசவன்.

"குறுக்கே பேசாதே!" நரசிம்மன் மேடைக் குரலுக்கு மாறினார். "ஊத்தினவன் எவனா இருந்தாலும் சரி, இந்தக் கடுதாசியை நடுத்தெருவுல நின்னு சத்தமா படிக்கணும். என்னைப் பெத்த அப்பனா இருந்தாலும் விட மாட்டேன்!"

தேவா பேனாவைக் காகிதத்தின் அடியில் வைத்தான். முதல் எழுத்துக்கு ஒரு சுழி போட்டிருப்பான், கொட்டகை வாசலில் சைக்கிள் ஒன்று கிறீச்சென்று நின்றது. பெட்ரோல் பங்க்கில் வேலை பார்க்கும் கருப்பன். கையில் சின்ன பிளாஸ்டிக் பாக்கெட்.

"சார், இங்கயா கீறீங்க? ஊரெல்லாம் தேடிகினு வரேன். மீட்டர் சண்டையில ஆயில் பாக்கெட்ட பங்க்லயே வுட்டுட்டு வந்துட்டீங்க."

நரசிம்மன் அதைப் பிடுங்கிப் பைக்குள் திணித்தார். "சரி சரி, கிளம்பு."

கருப்பன் கிளம்பவில்லை. பாவம், அக்கறையுள்ளவன்.

"பழைய ஸ்கூட்டர் மாரி இந்த வண்டிக்கு பெட்ரோல்ல ஆயில் கலக்கத் தேவயில்ல சார்னு நான் சொன்னப்ப, 'எனக்குத் தெரியும்டா, இதுக்கு இன்ஜின்ல தனியா வாய் வச்சிருக்கான்'னு சொன்னீங்களே? பெட்ரோல் போடுற ஒவ்வொரு வாட்டியும் அதுல நீங்களே ஊத்துவீங்க. இன்னிக்கு ஊத்தாம ஓட்டிகினு பூட்டீங்களேன்னு எனக்கு ஒரே பேஜாராப் போச்சு சார்."

யாரும் சிரிக்கவில்லை. கேசவன் மட்டும் வடைத் தட்டின் மேலிருந்த சாக்கை எடுத்தான்.

தேவா கையைத் துணியில் நிதானமாகத் துடைத்துக்கொண்டான். போட்ட சுழியை அடித்துவிட்டு, காகிதத்தை அவர் பக்கம் திருப்பி நீட்டினான்.

"சத்தமா படிங்க சார்."