நடுச்சுவருக்குப் பஞ்சு வேண்டாம்

"மத்த பக்கம் எல்லாம் பஞ்சு அடைச்சுக்கோங்க. நடுச்சுவருக்கு மட்டும் வேண்டாம். வெறும் தகரமா இருக்கட்டும்."

பெரியவர் இப்படிச் சொன்னதும் ஆர்க்கிடெக்ட் பென்சிலைக் கீழே வைத்துவிட்டாள்.

கப்பலில் சரக்கு சுமந்து ஓய்ந்துபோன கன்டெய்னர்களை வாங்கி வீடாக மாற்றுவது அவள் தொழில். ஜன்னலே வேண்டாம் என்றவரைப் பார்த்திருக்கிறாள். கூரைமேல் நீச்சல் குளம் கேட்டவரையும் பார்த்திருக்கிறாள். சூட்டையும் சத்தத்தையும் தடுக்கும் பஞ்சு இல்லாமல் சுவரை மொட்டையாக விடச் சொன்னவர் இவர் ஒருவர்தான்.

"சார், அது இரும்பு. அந்தப் பக்கம் உங்க தம்பி ஒரு ஸ்பூனைக் கீழே போட்டாக்கூட உங்களுக்குக் கேட்கும்."

"கேட்கட்டும்."

"நீங்க பேசறது அவருக்குக் கேட்கும்."

"நான் யார்கிட்டம்மா பேசப் போறேன்? நானும் தனிக்கட்டை, அவனும் தனிக்கட்டை."

அண்ணன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். தம்பி தையல்காரர். இருவரும் பேசிப் பல வருஷம் ஆயிற்று. அப்பா வைத்த மரத்தை அண்ணன் ஒரு வார்த்தை கேட்காமல் வெட்டிவிட்டார் என்று ஆரம்பித்த சண்டை. மரம் போய்விட்டது, சண்டை மட்டும் வேர்விட்டு நிற்கிறது.

பழைய வீடு விரிசல் விட்டு, இடித்தாகிவிட்டது. மனையோ நீளம்தான் உண்டு, அகலம் கிடையாது. அதனால்தான் ஆளுக்கொரு கன்டெய்னர், தோளோடு தோள் ஒட்டி. வரைபடம் பார்க்கக்கூட ஒருவர் வரும் நாளில் மற்றவர் வரமாட்டார்.

"அவர் முகத்துலயே முழிக்கக் கூடாதுன்னு சொன்னீங்களே சார்?"

"ஆமா. அதுக்குத்தான் வாசலை ஆளுக்கொரு பக்கமா வைக்கச் சொன்னேன். சுவர் வேற விஷயம்." எழுந்துகொண்டார். "பெட்டி ரெண்டும் பின்னால வந்து இறங்கிடுச்சு இல்ல? வாங்க, இப்பவே பார்த்துடலாம்."

அலுவலகத்துக்குப் பின்னால் இரண்டு கன்டெய்னர்களும் ஒட்டி நின்றன. பெரியவர் தன்னுடையதில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். அவளைத் தம்பியின் பெட்டிக்குள் போகச் சொல்லியிருந்தார். உள்ளே துரு வாடை, மரப்பலகை வாடை, கும்மிருட்டு.

"நடங்க!" தகரத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல்.

நடந்தாள்.

"இருமுங்க. தூக்கத்துல இருமுற மாதிரி."

இருமினாள். இதற்காகவா அஞ்சு வருஷம் காலேஜில் படித்தோம் என்று தோன்றியது.

"இன்னொரு தடவை... சரி. இப்பக் கீழே விழுங்க."

"சார்?"

"நீங்க விழ வேண்டாம்மா. கனமா எதையாவது தள்ளி விடுங்க."

கதவோரம் கிடந்த மணல் மூட்டையைத் தட்டுத் தடுமாறி நிமிர்த்தித் தள்ளினாள். தொம்மென்று விழுந்தது. வெளியே வந்தபோது பெரியவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

"நல்லாக் கேட்குது. பஞ்சைத் தொடவே தொடாதீங்க."

"எதுக்கு சார் இதெல்லாம்?"

"வீட்டுல இருக்கப் போறது நானா, நீங்களா?"

அதோடு பேச்சு முடிந்தது. அவளுக்குத்தான் முடியவில்லை. சாப்பிடும்போதும் அதே யோசனை, பாத்திரம் கழுவும்போதும் அதே யோசனை. தம்பி வீட்டுக்கு யார் வருகிறார்கள், யார் போகிறார்கள் என்று வேவு பார்க்கவா? இல்லை, வம்பு வளர்க்க ஏதாவது காதில் விழாதா என்றா? பேச்சு வார்த்தை வேண்டாமாம், அடுத்தவர் வீட்டுச் சமாச்சாரம் மட்டும் ஒன்று விடாமல் வேண்டுமாம்! இந்த லட்சணத்தில் அதற்கு அவள் சுவர் வேறு கட்டித் தரவேண்டும்.

தம்பிக்குச் சொல்லிவிடுவது என்று தீர்மானித்தாள். சுவரில் பாதி அவருடையது.

சின்னவர் வந்தார். கழுத்தில் தொங்கும் அளவு டேப்பைக் கழற்ற மறந்து அப்படியே வந்திருந்தார். அவள் நடந்ததைச் சொன்னாள்.

"தப்பா எடுத்துக்காதீங்க சார். உங்க அண்ணன் ஒட்டுக் கேட்கத்தான் பார்க்கறார். நீங்க ஒரு வார்த்தை வேண்டாம்னு சொல்லுங்க, நான் பஞ்சு அடைச்சிடறேன்."

சின்னவர் வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மூட்டையைத் தள்ளி விடச் சொன்னாரா?"

"ஆமா."

"விழுந்த சத்தம் கேட்டுச்சாமா?"

"நல்லாக் கேட்குதுன்னு சொன்னார். ஏன் சார்?"

"எனக்கு வலிப்பு வரும் மேடம். சொல்லிட்டு வராது. வந்தா ஒரு குரல் கொடுக்கக்கூட முடியாது, அப்படியே விழுந்துடுவேன். சின்ன வயசுலேர்ந்து ஓடி வந்து தூக்கறது அவர்தான். பழைய வீட்டுல, சண்டைக்கு அப்புறமும் வருவார். ஒருக்களிச்சுப் படுக்க வச்சு, வாயைத் துடைச்சு விட்டுட்டு, நான் கண்ணைத் திறக்கறதுக்குள்ள போயிடுவார். இருந்தா பேச வேண்டி வந்துடும் இல்ல?"

அவள் வரைபடத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"அப்போ... பஞ்சு?"

"வேண்டாம்."

வாசல் வரை போனவர் திரும்பி வந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"என் பக்கம் தரையில விரிப்பு, ரப்பர் எதுவும் ஒட்டாதீங்க மேடம், வெறும் பலகையா விட்டுடுங்க. நான் விழுந்தா சத்தம் பலமா வரணும். வர வர அவருக்குக் காது மந்தமாயிட்டே வருது. சத்தம் பலமா வராதுன்னு தெரிஞ்சா மனுஷன் விடிய விடிய அந்தச் சுவர்லயே காதை வச்சுக்கிட்டு உட்கார்ந்திருப்பார்."