இரண்டு சாப்பாடு

முதல் வருடம், கல்லூரியின் கட்டணச் சலுகை காரில் வந்து இறங்குகிறவனுக்குப் போனது. இரண்டாம் வருடம், அலுவலக எழுத்தரின் மச்சான் மகனுக்கு. மூன்றாம் வருடம் யாருக்குமே இல்லை. முதல்வர் அறைக்கு ஏசி வந்தது.

மூன்று முறையும் அதைக் கண்டித்து மாணவன் ஒருவன் சுவரொட்டி ஒட்டினான். மூன்று முறையும் கிழித்தார்கள். மிஞ்சியது ‘போஸ்டர்’ என்ற பட்டப்பெயர்தான்.

நான்காம் வருடம் பசை வாளியைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கணினி முன் உட்கார்ந்தான். மாணவர்கள் அன்றாடச் செலவைப் பதிந்துகொள்ள ஓர் இணையச் செயலி.

"சுவரொட்டியைக் கிழிப்பாங்க. கணக்கைக் கிழிக்க முடியுமா?"

வகுப்பில் ஒருத்தி, இரண்டு வருடம் துணிக்கடையில் நின்றுவிட்டுப் படிக்க வந்தவள். இந்த வருடம் சலுகை கிடைத்த சிலரில் ஒருத்தி. எல்லோருக்கும் அக்கா. மதியமானால் சாப்பாட்டுப் பொட்டலத்தை அவன் விசைப்பலகை மேலேயே வைப்பாள்.

"கூடச் சாப்பிடுறவ இன்னைக்கு வரலை. மிஞ்சிடுச்சு, கொட்டிக்கோ."

"தினமுமா அவ வரலை?"

"தின்னுட்டுப் பேசுடா. உன் செயலியில நானும் சேர்ந்துட்டேன். பேரு கேட்டுச்சு, எல்லாரும் கூப்பிடுறதையே போட்டுட்டேன். செலவு எல்லாத்தையுமா எழுதணும்?"

"ஒரு டீ விடாம. பொய் எழுதுறதுக்கு எதுக்குக்கா செயலி?"

"சரி, விடாம எழுதிடுறேன்," என்றவள் தண்ணீர் பாட்டிலை அவன் பக்கம் நகர்த்திவிட்டுப் போனாள்.

முதல்வருக்கும் செயலி பிடித்துப்போனது.

"சலுகையில படிக்கிறவங்க செலவை எனக்குக் காட்டுப்பா. ஊதாரியை வெளியேத்திட்டு உண்மையான ஏழைக்குக் கொடுப்போம்."

போஸ்டருக்கு நெஞ்சு நிமிர்ந்தது. விதியை அவனே எழுதினான்: ஒருவருக்கு ஒரு வேளைக்கு ஒரு சாப்பாடு. மிஞ்சினால் சிவப்பு. தயவு தாட்சண்யம் நுழையாதபடி பெயர்களை மறைத்தான்.

சலுகையை முடிவு செய்யும் கூட்டத்தில், திரையில் ஒரே ஒரு சிவப்பு.

"வருஷம் பூரா மதியம் ரெண்டு சாப்பாடு," என்றார் எழுத்தர். "வயிறா, நெல் குதிரா?"

எல்லோரும் சிரித்தார்கள். போஸ்டரும் சிரித்தான்.

சலுகையை ரத்து செய்யும் தாளில் கையெழுத்திடச் சாட்சிகள் இரண்டு பேர்: நூலகர், போஸ்டர். நூலகர் பேனாவைத் திறக்கவில்லை.

"சலுகை போனா படிப்பே போயிடும். யாரு என்னன்னு விசாரிச்சுட்டு..."

"இத்தனை நாளா ஆளைப் பார்த்துத்தானே சார் கொடுத்தீங்க? இந்தத் தடவை கணக்கைப் பாருங்க. பேரைப் பார்த்தா கை கூசும். முதல்ல கையெழுத்து."

அவனே முதலில் போட்டான், அழுத்தி.

நூலகரும் போட்டார். எழுத்தர் மறைத்த பெயரைத் திறந்தார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, சாட்சிகள் இருவருக்கும் கேட்கும்படி உரக்கப் படித்தார்:

"பதிவு எண் நாற்பத்தேழு. பெயர், அக்கா."